'இந்தியா' இதழும் பாரதியாரின் எள்ளலும்

பத்திரிகையின் சந்தா விவரம் படித்துச் சிரிப்பதற்குரிய பகுதி அன்று. ஆயினும், சென்னையில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'இந்தியா' வார இதழின் சந்தா விவரத்தைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு ரூ.3, மாதம் ரூ.200க்கு மேல் வருவாய் உள்ளவர்களுக்கு ரூ.15, ஜமீன்தார்கள், ராஜாக்கள், பிரபுக்களுக்கு ரூ.30, அரசாங்கத்தாருக்கு ரூ.50. அரசைக் கண்டித்து எழுதும் இதழை அரசு வாங்கியே ஆக வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. அப்படி வாங்குவதாயின், ஏழைக் குடியானவனைக் காட்டிலும் பதினாறு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கட்டும் என்பது அதன் உட்பொருள். விளம்பரப் பக்கத்தின் வறண்ட மூலையில்கூட இப்படியொரு குறும்பை நட்டுவைத்த அவ்விதழை நடத்திய பாரதியாருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை.

நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது பாரதியாரின் கவிதையைப் பற்றி எழுத என் மனம் ஒப்பவில்லை. அதைப் பற்றி எழுதாத மலர் தமிழில் இல்லை. செய்தி எழுதிய பாரதியாரை, அதிலும் செய்திக்குள் எள்ளி நகையாடிய பாரதியாரை எழுதலாம் என்று தோன்றியது. அந்த எள்ளலுக்கு யார் யார் என்னென்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவ்வரலாறு பாதி வரலாறாகவே நின்றுவிடும்.

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த சுப்பிரமணியன், சிறுவயதிலேயே புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றவர். அவ்வவையோடு தொடர்புடையதாக ஒரு கதை வழங்கி வருகிறது. தம்மினும் மூத்தவரான காந்திமதிநாதன் என்பார், பாரதியைச் சின்னப் பயல் என்று பழிக்கும் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொன்னாராம். சிறுவர் அந்த அடியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. தம் பட்டப் பெயரையே பிரித்து வேறு பொருள்படச் செய்து, பழியைக் கொடுத்தவர் மீதே திருப்பிவிட்டார். அவை சிரித்தது. இதுவரையில் எல்லோரும் சொல்லுவர். கதையின் பின்பாதியைப் பலர் விட்டுவிடுகின்றனர். மூத்தவர் நாணிப் போனதைக் கண்ட சிறுவர், அதே ஈற்றடியை வைத்து இன்னொரு வெண்பாப் பாடி, அவர்முன் தாமே சிறியவர் என்று பணிந்துவிட்டாராம். வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போது மாணவியர் முதல் வெண்பாவுக்குச் சிரிப்பர். இரண்டாம் வெண்பாவுக்கு அமைதியாகிவிடுவர். நடந்ததோ, பின்னர்ப் புனையப்பட்டதோ, பாரதியாரை அறிந்த தலைமுறையினர் அவரைப் பற்றிச் சொல்லத் தேர்ந்துகொண்ட கதை இது.

தந்தை சின்னசாமி ஐயர் மகன் ஆங்கிலமும் கணிதமும் கற்று உயர வேண்டும் என விரும்பியவர். பஞ்சாலைத் தொழிலில் இறங்கிப் பொருளிழந்து, 1898இல் மறைந்தார். அதன்பின் காசி வாழ்க்கை. 1902இல் மீண்டும் எட்டயபுரம். ஜமீன்தாரின் அவையில் பொழுதுபோக்குத் துணையாக ஒரு வேலை. அந்த வேலையை அவர் நெடுநாள் பொறுத்திருக்கவில்லை. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிட்டிய வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பே. ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்க வேண்டும். இது கவிஞருக்குத் தண்டனை என்று நாம் நினைக்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. அதிகார ஆங்கிலம் எவ்வளவு உப்பியது, அதைச் சாதாரணத் தமிழில் சொன்னவுடன் எவ்வளவு சிறுத்துப்போகிறது என்பதை அவர் அந்த மேசையில்தான் கற்றிருக்க வேண்டும். ஆளுநரின் பெருமிதமான அறிவிப்பைக் கடைத்தெருத் தமிழில் இரண்டு வரியாகச் சுருக்கினால், தனியாகக் கேலி சேர்க்க வேண்டியதே இல்லை.

1906இல் மண்டயம் குடும்பத்தினர் 'இந்தியா'வைத் தொடங்கியபோது அந்தக் கைத்திறனுக்கு முழு உரிமை கிடைத்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கம் அதன் முகப்பில் இருந்தது. அரசியல் கருத்துப்படத்தைத் தமிழ் இதழுக்குக் கொண்டுவந்ததும் அவ்விதழே. ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் வெளிவந்த 'பாரதியின் கருத்துப்படங்கள்' நூலைப் பார்த்தவர்கள் இதன் அளவை அறிவர். படத்தின் கீழே விளக்கமும் வரும். கேலிச்சித்திரத்துக்கு விளக்கம் எழுதினால் கேலி செத்துவிடும் என்பது இன்றைய எண்ணம். அன்றைய வாசகருக்குக் கருத்துப்படம் என்பதே புதிது. யார் யானை, யார் பாகன், எது இங்கிலாந்து என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சொல்லிக்கொடுக்கும் சாக்கில், படம் சொல்லாத இன்னும் இரண்டு குத்தல்களை ஆசிரியர் சேர்த்துவிடுவார்.

கவிஞர்களாகிய நம் வட்டத்தார் சற்று நின்று பார்க்க வேண்டியது, அவர் செய்தியைப் பாட்டாக்கிய முறையை. இந்திய மந்திரியாக இருந்த மார்லி ஏதோ சீர்திருத்தம் தரப்போகிறார் என்று மிதவாதிகள் காத்திருந்தனர். பாரதியார் தலையங்கத்தில் கண்டித்ததோடு நில்லாமல், வள்ளலார் இறைவனின் பொதுநடம் கண்டு உருகிப் பாடிய பாட்டொன்றின் வடிவத்தை எடுத்துக்கொண்டார். இறைவன் ஆடிய இடத்தில் மார்லி ஆடுகிறார். அடியாராக நின்று உருகுபவர் கோகலே. அருட்கனி கைக்கு வருமோ என்னும் ஏக்கம், சீர்திருத்தக் காய் பழுக்குமோ வெம்பி விழுமோ என்னும் ஏக்கமாகிவிடுகிறது. 'கோக்கலே சாமியார் பாடல்' என்பது அதன் தலைப்பு. மூலப் பாட்டை மனப்பாடமாக அறிந்தவருக்கு ஒவ்வொரு சீரிலும் இரண்டு குரல் கேட்கும். ஒன்று பக்தி, மற்றொன்று நகை. வள்ளலாரின் பாட்டு இதனால் சிறுமைப்படவில்லை. அவ்வளவு பெரிய ஏக்கத்தை இவ்வளவு சிறிய பொருளின்மேல் செலவிடுகிறார்களே என்பதுதான் நகைக்கு இடம். தூத்துக்குடி நிகழ்ச்சிகளின்போது கலெக்டர் விஞ்சு துரை சிதம்பரம் பிள்ளையிடம் பேசுவதாகவும் பிள்ளை மறுமொழி கூறுவதாகவும் இரண்டு பாட்டுகள் எழுதினார். செய்தியில் துரையின் மிரட்டல் ஒரு வரி. பாட்டில் அவர் தம் வாயாலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கிறார்.

இத்தனை கேலிக்கும் இலக்கான மிதவாதிகளுள் முன்னணியில் நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். பாரதியாரின் கட்சிக்கு நேர் எதிர்க்கட்சி. 1907இல் பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கேட்டு மனமுருகி, தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவர் அவரே. தம்மைக் கேலி செய்யும் கட்சியின் கவிஞர் என்று தெரிந்தே செய்தார். இவ்விருவரில் யாரைக் கூடுதலாகப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது வெளிப்படையாகப் பழிப்பது. பின்னது பழியை மறைத்து மொழிவது. 'இந்தியா'வின் கேலியில் இரண்டும் உண்டு. பின்னதற்கு ஒரு புதிய பயன் அப்போது ஏற்பட்டிருந்தது. சென்னை அரசு, தாய்மொழி இதழ்களில் வந்தவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி வாரந்தோறும் மறைவறிக்கை தயாரித்து வந்தது. அங்கே அமர்ந்த மொழிபெயர்ப்பாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சிலேடையை எவ்வாறு ஆங்கிலமாக்குவது? சிரிப்பை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்து எழுதினால் அது ராஜத்துரோகம். சிரிப்பையும் சேர்த்து எழுதினால் மேலதிகாரி சிரித்துவிடக்கூடும். அவர்கள் பெரும்பாலும் முதல் வழியையே மேற்கொண்டனர். நகை உதிர்ந்துபோய்க் குற்றம் மட்டும் கோப்பில் ஏறியது.

1908 ஆகஸ்டில் 'இந்தியா'வின்மீது நடவடிக்கை வந்தது. இவ்விடத்தில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் தடைப்படுகிறது. எழுதியவர் பாரதியார். பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்த பெயர் எம். சீனிவாசன். கைதானவர் சீனிவாசன், ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவரும் அவரே. பாரதியார் நண்பர்களின் வற்புறுத்தலால் சென்னையைவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

அவரைக் குற்றம் சாட்டுவது எளிது. வந்திராவிட்டால் சிறை, சிறை சென்றிருந்தால் நமக்குக் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இல்லை என்று வாதாடுவதும் எளிது. இரண்டாவது வாதத்தை நான் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லுகிறவர்கள் சீனிவாசனின் பெயரைச் சொல்லுவதில்லை. சிலேடைக்கும் கருத்துப்படத்துக்கும் கை தட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவற்றுக்காகச் சிறைக்கஞ்சி குடித்தவர் ஒருவர். அவர் அவற்றுள் ஒரு வரியையேனும் எழுதினாரா என்பதுகூட நம் இலக்கிய வரலாறுகளுக்குத் தேவைப்படாத செய்தியாகிவிட்டது. பாரதியாரின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒன்றை அவருடைய வாழ்க்கையிலிருந்து நீக்கிச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்பதற்காகச் சொல்லுகிறேன்.

தவளக்குப்பத்திலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்றால் கன்னியக்கோயிலை அடுத்துப் புதுவை எல்லை முடிந்துவிடும். இன்று அந்த எல்லையை நமக்கு அறிவிப்பவை மதுக்கடைகளே. 1908இல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு அரசு. அந்தப் பக்கம் பிரிட்டிஷ் அரசு. இந்தப் பக்கம் எழுதலாம், அச்சிடலாம். அந்தப் பக்கம் கால் வைத்தால் கைது. அக்டோபர் 1908 முதல் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. 1909இல் 'விஜயா' என்னும் நாளிதழும் சேர்ந்துகொண்டது. கருத்துப்படங்களுக்கென்றே தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் 'சித்ராவளி' என ஓர் இதழ் நடத்தவும் திட்டமிருந்தது. அது வெளிவரவில்லை. ஆங்கில அரசு இதழ்கள் எல்லை தாண்டாதபடி தடுத்தது. 1910இல் புதிய அச்சுச் சட்டமும் வந்தது. வாசகரை அடைய முடியாத பத்திரிகை எவ்வளவு நாள் உயிர்த்திருக்கும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது.

அதன்பின் எட்டாண்டுகள் அவர் இம்மண்ணில் வாழ்ந்தார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டில் ஒற்றர்களின் கண்காணிப்பும் வறுமையும் ஒருசேரச் சூழ்ந்திருந்த காலம். பெருங்காப்பியத் தன்மையுள்ள படைப்புகள் பிறந்த காலமும் அதுவே. அது யாவரும் அறிந்தது. நம் பொருளுக்கு உரியது அதே காலத்தில் அவருடைய எள்ளல் தன் திசையை மாற்றிக்கொண்டமை. 'சின்னச் சங்கரன் கதை'யில் எட்டயபுரத்தைக் கவுண்டனூராக்கி, துதிபாடும் புலவர் கூட்டத்தையும் அதை நம்பும் ஜமீன்தாரையும் நையாண்டி செய்தார். அக்கூட்டத்தின் நடுவே, கவிதை வெறியும் பேதைமையுமாகத் திரியும் சிறுவன் சங்கரன் வேறு யாருமல்லர்; அவரே. தம்மை முதலில் தராசில் ஏற்றியபின் மற்றவர்களை ஏற்றுகிற முறை அதில் தெரிகிறது. கதை முற்றுப்பெறாமல் நின்றது நமக்குப் பேரிழப்பு.

தராசு என்றதும் நினைவுக்கு வருவது, புதுவையிலிருந்தே 'சுதேசமித்திரன்' நாளிதழுக்குக் காளிதாசன் என்னும் புனைபெயரில் அவர் எழுதிய 'தராசு' பகுதி. ஒரு கடை, கடையில் பேசும் தராசு, வருகிறவர்கள் தங்கள் கேள்விகளை நிறுத்துப் பார்த்துக்கொண்டு போகலாம். உலகப் போர் முதல் உள்ளூர்ச் சாதிச் சண்டை வரை எல்லாம் அக்கடைக்கு வந்தன. தராசு சில சமயம் கடைக்காரரையே கேலி செய்யும். இன்றைய நாளிதழ்களில் கேள்வி-பதில் பகுதிகளைப் படிக்கும்போது அந்தத் தராசு நினைவுக்கு வருகிறது. இப்போதைய பதிலாளர்கள் கேட்டவரைத்தான் பெரும்பாலும் மட்டம் தட்டுகின்றனர். அவர் எதிர்த்துப் பேச முடியாதவர் என்பதால் அது எளிது.

இதில் எனக்கு ஒரு பழைய வடு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கவியரங்கில் இளம்பெண் ஒருத்தி முதன்முறையாகக் கவிதை படித்தாள். தலைமை தாங்கியவர் அவளுடைய குரலின் நடுக்கத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். அவையினர் சிரித்தனர், நானும் சிரித்தேன். மறுநாள் செய்தியில் அந்த வேடிக்கை தலைப்பாகவே வந்திருந்தது. கவிதையில் ஒரு சொல்லும் வரவில்லை. அவள் பின்னர் மேடையேறியதாக நான் கேள்விப்படவில்லை. செய்தியாளரை மட்டும் நொந்து பயனில்லை. நாங்கள் சிரித்ததைத்தான் அவர் எழுதினார்.

பாரதியார் பெயர்சுட்டிக் கேலி செய்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் மார்லி, கோகலே, ஜமீன்தார் என்றே பட்டியல் போகும். 1914இல் ஆங்கிலத்தில் 'பொன்வால் நரி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் எழுதி அன்னி பெசன்ட் அம்மையாரையும் அவருடைய சங்கத்தையும் எள்ளினார். அம்மையார் அன்று நாடறிந்த பெருந்தலைவர். சொந்தமாகப் பத்திரிகை வைத்திருந்தவர். பதில் சொல்ல வேண்டுமாயின் அவருக்கு வாய் இருந்தது.

1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். பிரிட்டிஷ் எல்லைக்குள் சென்றவுடன் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் டிசம்பர் 14ஆம் நாள் விடுதலையானார். அவ்விடுதலைக்காக முயன்றவர்களுள் சி. பி. ராமசாமி ஐயரோடு அன்னி பெசன்ட் அம்மையாரும் ஒருவர். நரிக்கதை வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிருஷ்ணசாமி ஐயரைப் போலவே இவரும் கேலியைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

எட்டயபுரம் வேறுவகையாக முடிந்தது. விடுதலைக்குப் பின் மனைவியின் ஊராகிய கடையத்தில் வறுமையோடு இருந்த பாரதியார் 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். கவுண்டனூர்க் கதை எழுதிய அதே கை, பழம்புலவர் மரபில் புரவலரை விளித்து எழுதிய கவிதை அது. கெஞ்சும் தொனி அதில் இல்லை; தம் தமிழின் பெருமையைத்தான் உரக்கச் சொல்லுகிறார். வேண்டிய உதவி வரவில்லை. எள்ளலின் கோபமா, ஆங்கில அரசிடம் இருந்த அச்சமா என்று ஆராய்ந்து பயனில்லை. எந்த அவையை விட்டு இளமையில் வெளியேறினாரோ அந்த வாயிலில் வந்து நிற்க நேர்ந்ததன் வலி மட்டும் அக்கவியின் மிடுக்குக்கு அடியில் கேட்கிறது. கேட்கக் காதுள்ளவர்களுக்கு, அவருடைய நகைச்சுவையின் விலைகளுள் அதுவும் ஒன்று.

1920இல் தடைகள் நீங்கியபின் சென்னைக்குத் திரும்பி, பதினாறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இடத்திலேயே, 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில், மீண்டும் உதவி ஆசிரியராக அமர்ந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளப்பட்டதும் பின்னர் உடல்நலம் குன்றியதும் எல்லோரும் அறிந்த செய்திகள். 1921 செப்டம்பர் 11ஆம் நாள் இரவு உடனிருந்த நண்பர்கள் பின்னாளில் ஒன்றை நினைவுகூர்ந்தனர். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றும், ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லாகானைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். பத்திரிகைக்காரரின் கவலை. நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. அந்தக் கட்டுரையை அவர் எந்தத் தொனியில் எழுத நினைத்திருந்தார் என்பதை அறிய வழியில்லை.